பேட்டரியும் பெட்ரோல்தான்!

ஹைபிரிட் கார் வெச்சிருக்கோம்னு சொன்னா, ஊர்லேர்ந்து போன் பண்றவங்க முதல்ல கேக்கறது "எவ்ளோ குடுக்குது?"ன்னுதான். நியாயமான கேள்வி. ஆனா பதில் மாசத்துக்கு மாசம் மாறுதே! அது ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது மினியாப்பொலிஸ்ல. நாலு பேர், ஒரு அபார்ட்மென்ட், பங்கு போட்டு வாங்கின 2010 ப்ரியஸ் ஒண்ணு. பெட்ரோல் செலவும் நாலாப் பங்கு. செப்டம்பர்ல காலனுக்கு 48 மைல் (லிட்டருக்கு 20 கி.மீ.) குடுத்த வண்டி, ஜனவரியில 36-க்கு (15 கி.மீ.) இறங்கிடுச்சு. மாசம் 800 மைல் ஓட்டினா அஞ்சரை காலன் கூடுதல் செலவு. இது போதாதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்புல "ஹைபிரிட் பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க"ன்னு ஒரு தொகை சொன்னாங்க. ஆளுக்கு ஒண்ணரை மாச வாடகை! வாரத்துக்கு 20 மணி நேரம் கேம்பஸ்ல வேலை பாக்கறவன் எங்க போவான்?

வண்டியில எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியல. அதனால பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுப் பாத்தோம். அமெரிக்க எரிசக்தித் துறை தர்ற கணக்கு இது: வெப்பநிலை 77 டிகிரி ஃபாரன்ஹீட்லேர்ந்து 20-க்கு (மைனஸ் 7 செல்சியஸ்) இறங்கினா, நகரத்துக்குள்ள சாதாரண பெட்ரோல் காருக்கு மைலேஜ் சுமார் 15% குறையும். ஹைபிரிடுக்கு 30 முதல் 34% வரைக்கும் குறையலாம். எங்களுக்குக் குறைஞ்சது 25%. அப்போ பேட்டரி மேல பழி போட அவசரப்பட வேண்டாம்னு முடிவு பண்ணினோம்.

ஹைபிரிடுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி? காரணம் சிம்பிள். ஹைபிரிட் மிச்சம் பிடிக்கறதே என்ஜினை அணைச்சு வெச்சுத்தான். சிக்னல்ல நிக்கும்போது, மெதுவா உருளும்போது என்ஜின் தூங்கிடும். குளிர்ல அது தூங்க முடியாது. என்ஜினும் புகையைச் சுத்தம் பண்ற கன்வர்ட்டரும் சூடாகணும். நமக்கு ஹீட்டர் வேற வேணும். எங்க வண்டியில அந்தச் சூடு வர்றது என்ஜின் கூலன்ட்லேர்ந்து. ஆக, நாம குளிர் காயறதுக்காகவே சிக்னல்ல என்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்.

இப்போ எங்க வீட்டுப் பஞ்சாயத்து. ரூம்மேட் ஒருத்தன் (திண்டுக்கல்காரன்) பச்சை 'ஈவி' விளக்கு எரிஞ்சாலே காசு மிச்சம்னு மாட்டுவண்டி வேகத்துல போவான். பின்னாடி பத்து கார் ஹாரன் அடிக்கும். யோசிச்சுப் பாருங்க, ப்ளக் போட்டு சார்ஜ் பண்ற வகை வேற கதை. எங்க வண்டியில ப்ளக்கே கிடையாது. பேட்டரியில இருக்கற ஒவ்வொரு சொட்டு கரன்ட்டும் என்னைக்கோ நாம போட்ட பெட்ரோல்தான். என்ஜின்லேர்ந்து பேட்டரி, பேட்டரியிலேர்ந்து மோட்டார்னு கை மாறும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கமிஷன் போயிடும். பிரேக்ல திரும்பக் கிடைக்கறதும் முழுசா கிடைக்காது. அதனால பேட்டரியிலேயே ஓட்டறது சாமர்த்தியம் இல்ல. வேகத்தை வீணாக்காம ஓட்டறதுதான் சாமர்த்தியம்.

நாங்க செஞ்சது இவ்வளவுதான்:

1. நாலு தனித்தனிப் பயணத்தை ஒண்ணாக்கினோம். முதல்ல தூரத்துல இருக்கற இந்தியன் ஸ்டோர், திரும்பி வரும்போது பக்கத்துல இருக்கற லைப்ரரி. தூரமா ஒரு ஓட்டம் ஓடினா என்ஜின் நல்லா சூடாயிடும், அப்புறம் அடிக்கடி அணையும். அதிகம் பலன் குடுத்தது இதுதான்.

2. டயர் காத்து. 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைஞ்சா சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். செப்டம்பர்ல 70 டிகிரியில அடிச்ச காத்து, ஜனவரி பூஜ்ஜியத்துல 7 பிஎஸ்ஐ கம்மி! டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கற அளவுக்கு அடிச்சோம்.

3. ஹீட்டரை ரெண்டு மூணு டிகிரி குறைச்சோம். ஜாக்கெட் எதுக்கு இருக்கு?

4. சிவப்பு விளக்கு தூரத்துல தெரிஞ்சா உடனே ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துடறது. திடீர்னு அழுத்தி நிறுத்தினா பிரேக் கட்டை தேயும், சூடா காத்துல போயிடும். மெதுவா நிறுத்தினா பேட்டரிக்குப் போகும். இதுக்காக நியூட்ரல்ல போடாதீங்க, அதுல பேட்டரி சார்ஜ் ஆகாது. 'பி' கியரும் மைலேஜுக்கு இல்ல, நீளமான மலை இறக்கத்துக்கு.

5. ஹைவேயில 75 வேண்டாம், 65 போதும். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அங்கே பிரேக் அதிகம் போடறதில்ல, அதனால ஹைபிரிடோட வித்தைக்கும் வேலை கம்மி. எங்க வண்டி புதுசா வந்தப்போ ஒட்டின ஸ்டிக்கர்லயே நகரத்துக்கு 51, ஹைவேக்கு 48-ன்னுதான் இருந்தது. மத்த கார்களுக்கு இது தலைகீழ்.

6. பின் சீட் ஓரத்துல பேட்டரிக்குக் காத்து போற ஓட்டை இருக்கு. அரிசி மூட்டையை வெச்சு அதை அடைக்கறதை நிறுத்தினோம். மைலேஜுக்கு இல்ல, பேட்டரி ஆயுசுக்கு.

பலன்? பிப்ரவரியில 41. குளிர் அப்படியேதான் இருந்தது. ஏப்ரல்ல பனி உருகினதும் 49. அதே பழைய பேட்டரிதான் இன்னைக்கும் ஓடுது. டேஷ்போர்டு கொஞ்சம் தாராளமா காட்டும்னு, ஒவ்வொரு தடவையும் டேங்கை நிரப்பி, ஓடின மைலை காலனால வகுத்துப் போட்ட கணக்கு இது.

திண்டுக்கல்காரன் இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா பின்னாடி ஹாரன் சத்தம் குறைஞ்சிருக்கு :-)

டிஸ்கி: எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா இந்தப் பதிவை நம்பி உக்காந்திருக்காதீங்க, காட்டிடுங்க. மைலேஜுக்காக லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போறது வேண்டவே வேண்டாம். அஞ்சு காலன் திரும்ப வாங்கிக்கலாம், உசிரு வாங்க முடியாது.