'வேற லெவல் மச்சி' போதாது... திரைப்படக் கல்லூரிக்குப் போகும் குறும்படத்துக்கு உண்மையான கருத்தை வாங்குவது எப்படி?

பிளஸ் டூ முடித்தவர், இன்ஜினீயரிங் படித்துவிட்டு கேமரா பக்கம் திரும்பியவர், வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் ஷூட்டிங் கிளம்புபவர்... திரைப்படக் கல்லூரிக் கனவில் இருக்கும் பலரின் கையில் இன்று ஒரு குறும்படமாவது இருக்கிறது. செல்போனில் எடுத்து, நண்பர்களை நடிக்க வைத்து, இரவல் லேப்டாப்பில் எடிட் செய்த படம். லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் மளமளவெனப் பதில்கள் வரும். 'செம', 'தெறி', 'வேற லெவல் மச்சி', கூடவே நாலு நெருப்பு எமோஜி. அதில் படத்தைக் கடைசி வரை பார்த்தவர்கள் எத்தனை பேர், லிங்க்கைத் திறக்காமலே எமோஜி போட்டவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது.

அதே படம் தேர்வுக்குழுவின் முன் போகும்போது நிலைமை வேறு. அங்கே இடம் கிடைக்காவிட்டால், 'இந்த இடத்தில் தவறு செய்தாய்' என்று பெரும்பாலும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 'ஒரு வருஷம் டைம் தர்றேன், அதுக்குள்ள சீட் கிடைக்கலைன்னா ஒழுங்கா வேலைக்குப் போ' என்று கெடு வைத்திருக்கும் வீடுகளில், அந்த ஒரு வருடம்தான் எல்லாமே. அதனால்தான் படத்தை அனுப்புவதற்கு முன்பே குறைகளைச் சொல்லும் ஆட்களைத் தேடிப் பிடிப்பது முக்கியமாகிறது.

எங்கெல்லாம் படைப்பு கேட்பார்கள்?

புனேயில் 1960-ல், பிரபாத் ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் தொடங்கப்பட்டது எஃப்.டி.ஐ.ஐ. கொல்கத்தாவில் 1995-ல் தொடங்கப்பட்டது சத்யஜித் ரே பெயரிலான எஸ்.ஆர்.எஃப்.டி.ஐ. சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர் திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இவை தவிர தனியார் கல்லூரிகளும் உண்டு.

எஃப்.டி.ஐ.ஐ-யில் சேருவது எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடாது. அதைத் தாண்டியவர்களுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. அங்கே 'இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?' என்ற கேள்வி வந்தால், சொல்லவும் காட்டவும் கையில் ஏதாவது இருப்பது நல்லது. பிரிட்டனின் என்.எஃப்.டி.எஸ், அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் பள்ளி போன்ற இடங்களில் விண்ணப்பத்துடனேயே படைப்புகளையும் அனுப்ப வேண்டும். எத்தனை நிமிடம், எந்த ஃபார்மேட், சப்டைட்டில் வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் எடிட்டிங் டேபிளில் உட்கார வேண்டும்.

எஃப்.டி.ஐ.ஐ மாணவியாக இருந்த பாயல் கபாடியாவின் 'ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்' குறும்படம் 2017-ல் கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவுக்குத் தேர்வானது. 2024-ல் அவருடைய முழுநீளப் படம் அதே விழாவில் கிராண்ட் ப்ரீ விருதை வென்றது. அதே 2024-ல், கான் மாணவர் பிரிவின் முதல் பரிசு எஃப்.டி.ஐ.ஐ மாணவர் சிதானந்த நாயக்கின் குறும்படத்துக்குக் கிடைத்தது. சின்னப் படம்தானே என்று ஒதுக்க முடியாது.

நண்பர்களின் பாராட்டு ஏன் உதவாது?

பாராட்டுபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தில் நடித்திருப்பார்கள் அல்லது மைக் பிடித்திருப்பார்கள். கதை அவர்களுக்கு முன்பே தெரியும். ஹீரோ ஏன் அந்தக் கடிதத்தைக் கிழிக்கிறான் என்பது படத்தில் புரியாவிட்டாலும், ஷூட்டிங் ஸ்பாட்டில் பேசியதை வைத்து அவர்கள் மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்கள். இயக்குநருக்கும் இதே கதிதான். ஐம்பது முறை பார்த்த படத்தை முதன்முறை பார்ப்பவரின் கண்ணோடு பார்க்க அவரால் முடியாது.

அதனால், கதை தெரியாத கண்கள் வேண்டும். அதிலும் மூன்று வகை ஆட்கள் அவசியம்.

முதலாவது, சினிமா தொழில்நுட்பம் எதுவும் தெரியாத ஒருவர். பக்கத்து வீட்டு அக்கா, மாமா, மெஸ் நடத்துபவர் என யாராகவும் இருக்கலாம். எங்கே போரடிக்கிறது என்பதை இவர்களின் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, தொழில் தெரிந்த ஒருவர். விஸ்காம் ஆசிரியர், உதவி இயக்குநர், எடிட்டர், கல்யாண வீடியோ எடுக்கும் அனுபவசாலி ஆகியோரில் ஒருவர். ஒளிப்பதிவுப் பிரிவுக்கு விண்ணப்பிப்பவர் ஓர் ஒளிப்பதிவாளரிடமும், எடிட்டிங் பிரிவுக்கு விண்ணப்பிப்பவர் ஓர் எடிட்டரிடமும் காட்டுவது கூடுதல் பலம்.

மூன்றாவது ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படம் யாரைப் பற்றியதோ, அவர்களில் ஒருவர். மீனவர் வாழ்க்கையைப் படமாக்கினால் ஒரு மீனவரும், ஆட்டோ டிரைவர் கதை என்றால் ஓர் ஆட்டோ டிரைவரும் பார்க்க வேண்டும். 'எங்க ஆளுங்க இப்படிப் பேச மாட்டாங்க தம்பி' என்று அவர் சொல்லும் ஒரு வரி, கேமரா தெரிந்தவர்கள் யாரும் கண்டுபிடிக்காத குறையைக் காட்டிவிடும்.

எப்போது காட்ட வேண்டும்?

கலர் கரெக்‌ஷன் முடித்து, டைட்டில் போட்டு, போஸ்டரும் வெளியிட்ட பிறகு கருத்து கேட்பதில் பயனில்லை. அப்போது யார் என்ன சொன்னாலும் மாற்ற மனம் வராது. ரஃப் கட் எனப்படும் முதல் வடிவம் தயாரானதும் காட்ட வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு காட்சியைத் தூக்கவோ இடம் மாற்றவோ ஒரு மணி நேரம் போதும். படத்தொகுப்பு முடிவான பிறகு, ஒலிக்கும் நிறத்துக்கும் மட்டும் இன்னொரு சுற்று கருத்து கேட்கலாம்.

யூடியூபில் ஏற்றினால் 'அன்லிஸ்டட்' முறையில் வையுங்கள். லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். பொதுவில் வெளியான படங்களை ஏற்காத விழாக்களும் உண்டு என்பதால் அவசரப்பட வேண்டாம். 'எத்தனாவது நிமிடம், எத்தனாவது விநாடி' என்று குறித்து எழுதச் சொன்னால், எடிட்டிங்கில் தேடும் நேரம் மிச்சம்.

கேள்வியை மாற்றினால் பதில் மாறும்

'படம் எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லாருக்கு' என்றுதான் பதில் வரும். நம் ஊரில் முகத்துக்கு நேராக ஒருவரின் உழைப்பைக் குறை சொல்லப் பலரும் கூச்சப்படுவார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள்.

* இந்தக் கதையை நாலு வரியில் சொல்லுங்கள்.
* ஹீரோவுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தீர்கள்?
* எந்த இடத்தில் குழம்பினீர்கள்?
* எந்த இடத்தில் செல்போனை எடுக்கத் தோன்றியது?
* பார்த்து முடித்தும் மனதில் நிற்கும் ஒரு ஷாட் எது?

முதல் கேள்வியிலேயே பாதி உண்மை வெளிவந்துவிடும். அப்பா-மகன் பிரிவைப் பற்றி எடுத்த படத்தை, பார்த்தவர்களில் மூன்று பேர் 'வேலை கிடைக்காத பையனின் கதை' என்று சொன்னால், பிரச்னை பார்த்தவர்களிடம் இல்லை.

அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன், கலைஞர்கள் கருத்து கேட்பதற்கென்றே 1990-களில் ஒரு முறையை உருவாக்கினார். அதில் நான்கு படிகள். முதலில், பார்த்தவர்கள் தங்களை ஈர்த்தது எது, மனதில் தங்கியது எது என்று சொல்ல வேண்டும். அடுத்து, கலைஞர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம். ஆனால் கேள்விக்குள் விமர்சனத்தை ஒளித்துவைக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு இருட்டா எடுத்திருக்கே?' என்று கேட்பதற்குப் பதில் 'இந்தக் காட்சியின் வெளிச்சத்தை எப்படி முடிவு செய்தாய்?' என்று கேட்க வேண்டும். கடைசியில்தான் விமர்சனம். அதையும் 'வெளிச்சம் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?' என்று அனுமதி கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். கல்லூரி விடுதி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்துகூட இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரே ஒரு விதி கட்டாயம். படம் ஓடுவதற்கு முன் விளக்கம் தரக் கூடாது. கருத்து வரும்போது குறுக்கே பேசி வாதாடவும் கூடாது. தேர்வுக்குழுவின் பக்கத்தில் உட்கார்ந்து 'சார், அந்த இடத்துல என்னன்னா...' என்று விளக்கும் வாய்ப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

ஆரம்பநிலைக் குறும்படங்களில் கேமராவைவிட ஒலிதான் அதிகம் காலை வாரும். கேமரா மைக்கிலேயே பதிவான வசனம், பின்னால் ஓடும் ஃபேன், ஷாட்டுக்கு ஷாட் மாறும் தெருச்சத்தம் என்று பட்டியல் நீளும். கண்ணை மூடிக்கொண்டு படத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். முதல் முறையில் ஒலியின் குறையும், இரண்டாவது முறையில் காட்சியால் கதை நகர்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பிரபல படத்தின் பின்னணி இசையை அப்படியே எடுத்துப் போடுவது இன்னொரு சறுக்கல். காப்புரிமைச் சிக்கல் ஒருபுறம். அந்த இசை கொண்டுவரும் உணர்ச்சி வேறொரு படத்துக்குச் சொந்தமானது என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

ஐந்து நிமிடப் படத்துக்கு ஒரு நிமிடம் லோகோவும் நன்றி கார்டும் ஓடுவது, 22 வயது நண்பனுக்குத் தலையில் பவுடர் போட்டு அப்பாவாக்குவது, கதையில் காரணமே இல்லாமல் கடைசியில் ஒரு மரணம், அதன்பின் திரையில் எழுத்தாக ஒரு கருத்து... இவையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவை. படத்தின் முதல் ஒரு நிமிடத்துக்குள் பார்வையாளர் ஒரு மனிதரையோ ஒரு கேள்வியையோ பிடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லோர் பேச்சையும் கேட்டால்?

பத்துப் பேர் சொன்ன பத்துத் திருத்தங்களையும் செய்தால், படம் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். அந்தப் பயம் நியாயமானது. பிக்ஸார் நிறுவனத்தில் 'பிரெயின்டிரஸ்ட்' என்றொரு வழக்கம் உண்டு. உருவாகிக்கொண்டிருக்கும் படத்தைச் சக இயக்குநர்களும் எழுத்தாளர்களும் பார்த்துவிட்டு, குறைகளை ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். ஆனால் எதையும் மாற்றச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அந்தக் குழுவுக்குக் கிடையாது. தீர்வைத் தேர்ந்தெடுப்பது இயக்குநரின் வேலை.

மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே இடத்தை மூன்று பேர் சுட்டிக்காட்டினால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'கிளைமாக்ஸ் பிடிக்கலை' என்று பலர் சொன்னால், உண்மையான பிழை இரண்டாவது நிமிடத்தில்கூட இருக்கலாம். ஒரே ஒருவர் மட்டும் சொன்ன குறை என்றால் குறித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து யோசிக்கலாம்.

எங்கே திரையிடலாம்?

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியின் பலமே, படத்தைத் திரையிட்டு, முகத்துக்கு நேராகவே நடுவர்கள் கருத்து சொன்னதுதான். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் அந்த மேடையைக் கடந்து வந்தவர்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாக இருந்து 2012-ல் முழுநீளப் படமானது.

குறும்படங்களைத் திரையிட்டுப் பேசும் வட்டங்கள் இன்னும் இருக்கின்றன. 'தமிழ் ஸ்டுடியோ' அமைப்பு குறும்படங்களுக்காக இயங்கி, எடிட்டர் பி.லெனின் பெயரில் விருதும் வழங்கியிருக்கிறது. தமுஎகச போன்ற அமைப்புகளும் திரையிடல்களை நடத்துகின்றன. திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் மாணவர் படங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால், அது கேரளத்தில் படிக்கும் மாணவர்களுக்கானதா, எல்லோருக்குமானதா என்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. போட்டியில் இல்லாவிட்டாலும் பார்வையாளராகப் போய்வந்தால், தன் படம் எங்கே நிற்கிறது என்பது புரியும். எதுவும் எட்டவில்லையா? கல்லூரி புரொஜெக்டரும் இருபது நாற்காலிகளும் போதும்.

நேர்முகத் தேர்விலும் கைகொடுக்கும்

இப்படிக் கருத்து கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 'இந்த ஷாட்டை ஏன் இவ்வளவு நேரம் வைத்தாய்?', 'இப்போது மறுபடி எடுத்தால் எதை மாற்றுவாய்?' என்று கேட்கப்பட்டால் தடுமாற மாட்டார்கள். கற்றுக்கொள்ள வருபவரின் படத்தில் குறை இருப்பது இயல்பு. அந்தக் குறையை அவர் அறிந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அதேபோல், எடிட்டிங்கையோ ஒளிப்பதிவையோ நண்பர் செய்திருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று சொன்னவர், இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

மகனோ மகளோ படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, 'இதுக்குத்தான் இவ்ளோ செலவா?' என்ற வார்த்தையை ஒருநாள் தள்ளிப்போடுங்கள். 'சூப்பர் கண்ணு' என்று சொல்லிவிட்டு சீரியலுக்குத் திரும்புவதாலும் அவர்களுக்குப் பயனில்லை. உங்களுக்கு சினிமா தெரிய வேண்டியதில்லை. எங்கே கண் கலங்கியது, எங்கே ஒன்றும் புரியவில்லை, எந்த வசனம் காதில் விழவில்லை என்று மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முதல் பார்வையாளர் நீங்கள்தான்!