ஊர்தியில் ஓரிடம்
விமான நிலையத்திலிருந்து அத்திபெலே வரை

வானூர்தியில் வருகின்றவர்க்குப் பயணம் எங்கே முடிகின்றது? துபாயிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வந்து இறங்கலாம். இறங்கிய இடத்திலிருந்து அத்திபெலேயில் உள்ள வீட்டுக்கோ விடுதிக்கோ வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். மாலை நெரிசலில் சிக்கினால் மூன்று மணி நேரமும் ஆகலாம். வானத்தில் கழித்த பொழுதில் பாதிக்கு மேல் தரையிலே கழிகின்றது. விமானச் சீட்டு வாங்கும்போது எந்த நாளில் விலை குறையும் என்று பல நாள் ஆராய்கின்றோம். இந்தக் கடைசித் தொலைவைப் பற்றியோ, பெட்டிகளோடு வெளியே வந்து நிற்கும் வரையில் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கே நிற்கும்போது உடல் சோர்ந்திருக்கும், குழந்தை அழும், கேட்ட வாடகையைக் கொடுத்து ஏறிவிடுவோம். பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி ஊர் மண்ணை மிதித்த முதல் மணி நேரத்திலேயே கரைந்துவிடுகின்றது.

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் செல்வர் அல்லர். அத்திபெலே, சந்தாப்புரம், பொம்மசந்திரம், ஜிகணி ஆகிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளை நம்பிக் குடிபெயர்ந்தவர்கள் பலர். அவர்களைக் காண வரும் பெற்றோரும், அயல்நாட்டிலிருந்து விடுமுறையில் திரும்பும் பிள்ளைகளும் பலர். இவர்களுக்கு ஒரு முழு வண்டியின் வாடகை பெருஞ்சுமை. வண்டி முழுவதையும் வாங்காமல் அதில் ஓரிடத்தை மட்டும் வாங்கும் முறையே பகிர்வு ஊர்தி. அதன் நன்மையும் தொல்லையும் தெரிந்து ஏறுகின்றவர்க்கு அது நல்ல துணை. தெரியாமல் ஏறுகின்றவர்க்கு அதுவே மனக்கசப்பு.

ஒரே சாலையின் இரு முனைகள்

2008 மே 24 வரை பெங்களூரின் விமானங்கள் நகரின் கிழக்கே, எச்.ஏ.எல். நிலையத்தில் வந்து இறங்கின. அன்று தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. 1537ஆம் ஆண்டில் பெங்களூர் நகரை அமைத்த கெம்பே கவுடாவின் பெயர் 2013இல் அதற்குச் சூட்டப்பட்டது. நகரின் வடபுறத்தில் வாழ்வோர்க்கு இம்மாற்றம் நன்மையாயிற்று. தென்கோடியில் இருப்பவர்க்கோ தொலைவு இரு மடங்குக்கு மேல் நீண்டது.

வியப்பு என்னவென்றால், விமான நிலையமும் அத்திபெலேயும் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டியே அமைந்துள்ளன. காஷ்மீரத்து ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, வடக்கே தேவனஹள்ளிப் பக்கமாக வந்து, பெங்களூரைக் கடந்து, தெற்கே ஓசூர்ச் சாலையாகி, அத்திபெலேயில் கர்நாடக எல்லையை அடைகின்றது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவு; நடுவில் ஒரு மாநகரம். சாலை ஒன்றே, ஆனால் ஹெப்பாளத்திலும், வெளிவட்டச் சாலையிலும், சில்க் போர்டு சந்திப்பிலும் வண்டிகள் எறும்பு வரிசையாக நகர்கின்றன. சில்க் போர்டைத் தாண்டியபின், 2010இல் திறக்கப்பட்ட ஏறக்குறைய 10 கி.மீ. நீள மேம்பாலம் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டி வரை விரைவாகக் கொண்டுவந்து விடுகின்றது. ஆகவே இப்பயணத்தில் தொலைவைக் காட்டிலும் வேளையே முதன்மையானது. விடியற்காலையில் எளிதாக முடியும் வழி, மாலை ஆறு மணிக்கு வேறு வழி போலத் தோன்றும்.

நாடாவும் வண்டியும்

ஆங்கிலத்தில் இவ்வகை வண்டியை ‘ஷட்டில்’ என்பர். தறியில் பாவுக்கு இடையே ஊடை நூலை ஏந்திக்கொண்டு, இப்பக்கமும் அப்பக்கமும் ஓயாது ஓடும் நாடாவுக்கு உரிய பெயர் அது. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆனேக்கல் வட்டத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நாடா ஒரே வழியில் போய் வரும். தனக்கென்று வழி மாறாது. பகிர்வு ஊர்தியின் இயல்பும் அதுவே. நம் விருப்பத்துக்கு அது வளையாது; அதன் வழிக்கு நாம் பொருந்த வேண்டும்.

துருக்கி நாட்டில் இத்தகைய வண்டிக்கு ‘தொல்முஷ்’ என்று பெயர்; ‘நிரம்பியது’ என்பது அதன் பொருள். இருக்கைகள் நிரம்பினால்தான் வண்டி புறப்படும் என்ற உண்மை பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில், நகர விடுதிகளுக்குப் பயணிகளைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் ஊர்தி நெடுங்காலமாக வழக்கில் இருந்துவந்துள்ளது.

ஆனால் இம்முறை எங்கும் தடையின்றி வளர்ந்துவிடவில்லை. 1914இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், சொந்தக் கார் வைத்திருந்த சிலர் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு வழியில் போவோரை ஏற்றத் தொடங்கினர். ‘ஜிட்னி’ என்ற அவ்வண்டிகள் விரைவிலேயே பல நகரங்களில் பரவின. டிராம் கம்பெனிகள் எதிர்த்தன. நகராட்சிகள் கடுமையான விதிகள் வகுத்தன. சில ஆண்டுகளில் பெரும்பாலான வண்டிகள் மறைந்தன. அதே நகரில் 1980களில் தொடங்கி, விமான நிலையப் பகிர்வு ஊர்திக்கே இலக்கணமாய் விளங்கிய ‘சூப்பர் ஷட்டில்’ என்ற நீல வண்டிச் சேவை, கைப்பேசி வழியே அழைக்கும் டாக்சிகளின் போட்டிக்கு இடையில் 2019 இறுதியில் தன் வண்டிகளை நிறுத்தியது.

நம் நாட்டிலும் அத்தகைய சிக்கல் எழுந்தது. பேருந்துக்கு ஒரு வகை அனுமதி. வாடகைக் காருக்கு வேறு வகை அனுமதி. பேருந்து வழியில் நிறுத்தி ஏற்றி இறக்கலாம். வாடகைக் கார் ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்க வேண்டும் என்று கூறி, கைப்பேசிச் செயலிகளின் பகிர்வுப் பயணங்களை நிறுத்துமாறு கர்நாடகப் போக்குவரத்துத் துறை 2017 தொடக்கத்தில் பணித்தது. ஆதலின், விமான நிலைய வாயிலில் ஒருவர் வந்து, “அத்திபெலேக்கு ஓர் ஆள் குறைகிறது, ஏறுங்கள்” என்று அழைத்தால், உடனே பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுதல் கூடாது. வண்டியின் அனுமதி யாது, விபத்து நேர்ந்தால் காப்பீடு உண்டா என்ற கேள்விகள் அந்த அழைப்புக்குள் மறைந்துள்ளன.

இன்றுள்ள வழிகள்

எல்லாரும் நம்பி ஏறக்கூடிய பகிர்வு ஊர்தி, பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ‘வாயு வஜ்ரா’ குளிர்சாதனப் பேருந்தே ஆகும். அதில் கே.ஐ.ஏ. 8 என்ற வரிசைப் பேருந்துகள் ஹெப்பாளம், மாரத்தஹள்ளி, சில்க் போர்டு வழியாக எலெக்ட்ரானிக்ஸ் சிட்டிக்கு வருகின்றன. அங்கிருந்து அத்திபெலே செல்லும் நகரப் பேருந்தைப் பிடிக்கலாம். இரவில் பேருந்துகளின் எண்ணிக்கை குறையும். கால அட்டவணையும் மாறுவதுண்டு. புறப்படும் நாளில் விசாரித்துக்கொள்வதே முறை.

இரண்டாவது வழி புதிது. கே.ஐ.ஏ. 9 பேருந்தில் மெஜஸ்டிக் வந்து, அங்கே மெட்ரோ ரயிலில் பச்சைத் தடத்தில் ஏறி, ஆர்.வி. சாலை நிலையத்தில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் பொம்மசந்திரம் வரை வரலாம். 19 கி.மீ. நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இம்மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பொம்மசந்திரத்திலிருந்து அத்திபெலே ஏறத்தாழ 10 கி.மீ.தான், பேருந்தும் ஷேர் ஆட்டோவும் உண்டு. சாலை நெரிசலுக்கு அஞ்சுவோர்க்கு இவ்வழி பெரிய ஆறுதல். ஆனால் பெட்டிகளோடு மும்முறை ஏறி இறங்க வேண்டும், முதியோர்க்கு ஏற்றதன்று. நள்ளிரவில் மெட்ரோவும் ஓடாது. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் விமானங்கள் பல, பொழுது விடியுமுன்பே இறங்குகின்றன. அவற்றில் வருவோர், நிலையத்துக்குள்ளேயே சிறிது இளைப்பாறிப் பொழுது புலர்ந்தபின் புறப்படுவது சிக்கனமும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

பெண்மணிகள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2023 ஜூன் 11இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டத்தின்படி, கர்நாடகத்தில் குடியிருக்கும் மகளிர் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். குளிர்சாதன வாயு வஜ்ராவுக்கு அச்சலுகை இல்லை. அத்திபெலேக்கு வரும் சாதாரண நகரப் பேருந்தில், முகவரிச் சான்று கையில் இருந்தால், அதைப் பெறலாம்.

மூன்றாவது வழி, நான்கைந்து பேர் முன்கூட்டியே சேர்ந்து ஒரு வண்டியை அமர்த்துவது. நான்காவது, தங்கும் விடுதியே வண்டி அனுப்புவது. விடுதியார் “வண்டி உண்டு” என்று கூறினால், அது இலவசமா, வாடகைக்கா, தனி வண்டியா, பிற விருந்தினரோடு பகிர்வதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. “உண்டு” என்ற ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு.

கணக்கும் காலமும்

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வண்டியின் முழு வாடகை 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 600 ரூபாய். மிச்சம் 1,800 ரூபாய். ஆனால் மூவரை வெவ்வேறு இடங்களில் இறக்க, ஒவ்வோரிடத்துக்கும் 15 நிமிடம் ஆகுமானால், கடைசியாக இறங்குபவர் 45 நிமிடம் கூடுதலாக வண்டியில் இருப்பார். அத்திபெலே தென்கோடியில் உள்ளமையால் அக்கடைசி ஆள் பெரும்பாலும் நாமே! பகிர்வு ஊர்தியில் ஒரு பங்கு விலையைப் பணமாகத் தருகின்றோம். மறு பங்கைக் காலமாகத் தருகின்றோம். விடுமுறையில் வருபவர்க்கு இப்பேரம் இலாபம். திருமண முகூர்த்தத்துக்கோ, மருத்துவமனையில் இருக்கும் உறவினரைக் காணவோ விரைபவர்க்கு நட்டம். கூடவே, ஒரே குடும்பத்தில் நால்வர் வந்தால் தலைக்கு ஓரிடமாக வாங்குவதைவிட முழு வண்டியே மலிவாக முடியலாம். எனவே ஏறுமுன் கூட்டிப் பார்த்தல் நலம்.

ஏறுமுன் கேட்க வேண்டியவை ஐந்து. சொன்ன தொகை ஓர் ஆளுக்கா, வண்டிக்கா? சுங்கக் கட்டணம் அதில் அடங்குமா? எத்தனை பேர் சேரும் வரை, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா? இறக்குவது எந்த இடத்தில்? இந்த ஐந்தாவது கேள்வி அத்திபெலேக்கு மிக இன்றியமையாதது. ஊர்ப் பேருந்து நிறுத்தமும் அத்திபெலே, சுங்கச் சாவடியும் அத்திபெலே, தொழிற்பேட்டையும் அத்திபெலே. நெடுஞ்சாலையின் தவறான பக்கத்தில் நள்ளிரவில் இறங்கினால், பெட்டிகளோடு சாலையைக் கடப்பது உயிருக்கே ஆபத்து. விடுதியின் அருகில் உள்ள அடையாளத்தைக் கன்னடத்திலும் சொல்லத் தெரிந்திருத்தல் பெரும் உதவி.

எல்லையைத் தாண்டி ஓசூருக்குச் செல்வோர்க்கு மற்றொரு செய்தி. அனைத்திந்தியச் சுற்றுலா அனுமதி இல்லாத வாடகை வண்டி மறு மாநிலத்துக்குள் நுழைய, அம்மாநிலத்தின் வரியையும் தற்காலிக அனுமதியையும் பெற வேண்டும். அச்செலவு பயணியின் தலையிலேயே விழுவது வழக்கம். அத்திபெலேயிலிருந்து ஓசூர் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பதால், பகலில் வருவோர் அத்திபெலேயில் இறங்கிப் பேருந்து மாறினால் அச்செலவு இல்லை.

கூடிச் செல்லும் பண்பு

“ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி; ஆறு கடந்தபின் நீ யாரோ நான் யாரோ” என்பது பழமொழி. நன்றி மறந்தாரை இடித்துரைக்க அதைக் கூறுவர். ஆனால் அதன் முற்பகுதியில் ஓர் அரிய உண்மை உண்டு: ஒரே ஓடத்தில் ஏறியவர், கரை சேரும் வரையிலாவது உடன்பிறந்தார் போல் நடந்துகொண்டே ஆக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்றல், அளவுக்கு மீறிய மூட்டைகளைச் சுமந்து வாராமை, கைப்பேசியில் உரக்கப் பேசாமை, தனியே வரும் பெண்ணையும் முதியவரையும் முதலில் பாதுகாப்பாக இறக்க இசைதல் ஆகிய இவை விதிப் புத்தகத்தில் இல்லாத விதிகள். ஓட்டுநரும் இரவெல்லாம் விழித்திருப்பவர். அவரை “அண்ணா” என்று அழைத்து ஒரு குவளைத் தேநீருக்கு வண்டியை நிறுத்தச் சொன்னால், எல்லோர்க்கும் பாதுகாப்பு.

சங்கக் குடும்பங்கள் ஒன்று செய்யலாம். யார் வீட்டுக்கு எந்த நாள், எந்த வேளையில் விருந்தினர் வருகின்றனர் என்பதை முன்னரே ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டால், ஒரே இரவில் வரும் மூன்று குடும்பங்கள் மூன்று வண்டிகளில் வர வேண்டுவதில்லை. அறியாத ஆளின் அழைப்பை நம்பவும் வேண்டுவதில்லை. அறிந்தவரோடு அறிந்த வண்டியில் வரலாம். 2025இல் கட்டுமானத்தில் இருந்த விமான நிலைய மெட்ரோத் தடம் முடிவுற்றபின் இப்பாதை எளிதாகும் என்று எதிர்பார்க்கின்றோம். அதுவரையில் நம்மிடம் உள்ள குறுக்கு வழி இது ஒன்றே. வண்டியில் ஓரிடம் போதும் என்று எண்ணுகின்றவர்கள் பெருகினால், முதல் முறை விமானம் ஏறி மகளைக் காண வரும் தாய்க்கும் அவ்வண்டியில் நிச்சயமாக ஓரிடம் கிடைக்கும்.