பட்டினி கிடக்கும் செல் எதைத் தின்கிறது?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்தது, 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. காசநோய்க் கிருமிக்கும் செல்லின் பட்டினிக்கும் தொடர்பு உண்டு.

சத்து குறைந்ததும் செல்லில் எம்டார் என்ற புரதம் அடங்குகிறது. உடனே இரட்டைச் சவ்வு ஒன்று பிறை வடிவில் முளைத்து, பழுதான மைட்டோகாண்ட்ரியா, பழைய புரதம் என்று அகப்பட்டதை வளைத்து மூடிப் பையாகிறது. அது செல்லின் செரிமானப் பையான லைசோசோமுடன் இணைய, நொதிகள் சரக்கை அமினோ அமிலம் வரை உடைக்கின்றன. செல் அதில் பிழைக்கிறது. பட்டினி போட்ட ஈஸ்ட்டில் இதை ஆராய்ந்த ஜப்பானின் ஓசுமிக்கு 2016-இல் நோபல்.

காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே லைசோசோம் நெருங்காதபடி தடுத்து வாழும். அந்தச் செல்களை ஆய்வகத்தில் பட்டினி போட்டதும் கிருமியும் லைசோசோமில் சிக்கியதாக 2004-இல் காட்டினார்கள். என்னை அசத்தியது இதுதான். ஆனால் அதற்காக நோயாளி பட்டினி கிடக்கவே கூடாது. உடல் மெலிந்தால் காசநோய் முற்றும்.