கைபேசிக் காமிராவும் விலையும்

சின்னாளபட்டிச் சுங்கடிச் சேலையைப் படம் பிடித்து வெளியூருக்கு அனுப்பும் அங்கத்தினர் சிலர், 50 மெகாபிக்சல் என்ற எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கின்றனர். அவ்வெண் தரத்தின் அளவுகோல் அன்று. அத்தகைய காமிராக்கள் பெரும்பாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கிச் சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புங்கால் அதுவும் சுருங்கிவிடும். ஒளியை ஏற்கும் சென்சாரின் பரப்பே முக்கியம். அது பெரிதாயின் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவுறும். மலிவான கைபேசிகளில் உள்ள 2 மெகாபிக்சல் துணைக் காமிராக்கள் பெரும்பாலும் எண்ணிக்கைக்கே உதவுவன.

படத்தில் நிறம் மாறினால் சேலை திரும்பி வரும். இருவழிச் செலவும் நெசவாளர் தலையில் விழும். ஆகவே வாங்குமுன் அரக்குச் சேலையொன்றைக் கடைக்குக் கொண்டு செல்க. வாசல் நிழலில் படமெடுத்து, வேறொரு கைபேசிக்கு அனுப்பி, அத்திரையைத் துணியோடு ஒப்பிடுக. நிறம் ஒத்திருப்பின் விலை குறைந்ததே போதும். குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தைக் கொண்டு எக்கைபேசியையும் மதிப்பிடலாகாது.