கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

ஓர் அகராதித் தரவுத்தளத்தில் 'கொடி' என்னும் சொல்லைத் தேடினேன். பட்டியலைப் புரட்டினால் அச்சொல் அங்கே இருக்கிறது. தேடலோ இல்லை என்று விடை தந்தது. எழுத்துப்பிழை ஏதுமில்லை. இத்தகைய இடத்தில் எழுத்தைப் பார்த்துப் பயனில்லை. அதன் அடியில் கணினி சேமித்துள்ள இரும மதிப்பைப் பார்த்தல் வேண்டும்.

அம்மதிப்பு சுழியமும் ஒன்றுமாய் நீள்வது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'க' என்பது 11100000 10101110 10010101 என மூன்று பைட்டுகளாகும். இதனை நந்நான்கு இலக்கங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு பிரிவும் 0 முதல் 15 வரையிலான ஓர் எண். அவற்றுள் 10 முதல் 15 வரையுள்ளவற்றை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்னும் ஆங்கில எழுத்துகளால் குறிப்பது மரபு. 1110 என்பது 14, ஆதலின் ஈ. இவ்வாறே 'க' முழுவதும் 'ஈ0 ஏஈ 95' ஆகிறது. இருபத்து நான்கு இலக்கங்கள் ஆறாகச் சுருங்கினும் மதிப்பில் இழப்பில்லை. இம்மாற்றத்தை ஆரக்கிளில் 'ராடூஹெக்ஸ்' என்னும் செயற்கூறும், மைஎஸ்கியூஎலில் 'ஹெக்ஸ்' என்பதும் செய்துதரும்.

நான் தட்டிய 'கொடி' 24 பதினறும இலக்கங்களாக வந்தது. சேமிப்பில் இருந்ததோ 30. வேறுபாடு 'கொ'வில். ஒருங்குறியில் ஒகரக் குறிக்குத் தனி இடம் உண்டு. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டாலும் அதே வடிவம் கிட்டும். (நம் எழுத்துமுறை க-வின் இருபுறமும் குறியிட்டு ஓர் உயிரைக் காட்டுவதன் விளைவு இது.) ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரெனவே கொள்கிறது. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தரவுத்தளத்திற்கு அவை வெவ்வேறு சொற்கள்.

இதற்கு மருந்துண்டு. ஆரக்கிளில் 'கம்போஸ்', போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13 முதல் 'நார்மலைஸ்' ஆகியவை இருவடிவையும் ஒன்றாக்கும். சேமிக்கும்போதே இதனைச் செய்தல் நன்று.

'ஔவை'யின் நிலை இதனினும் கடினம். ஔகாரத்தை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுவோர் பலர். அது ஒருங்குறிப்படி நிகரன்று. மேற்சொன்ன செயற்கூறுகள் அதனைத் தொடா. 'ஔ' ஆறு இலக்கம், 'ஒள' பன்னிரண்டு. பதினறும வடிவில் அவ்வேறுபாட்டைக் கண்டறியலாம். திருத்துவது தமிழறிந்த ஒருவரின் வேலை.