கார் ஏறும் லாரியும் கையில் வாங்கும் ரசீதும்

காஞ்சிபுரத்தை ஒட்டிய பெங்களூரு நெடுஞ்சாலையில், வெள்ளை கேட்டிலோ பாலுசெட்டி சத்திரத்திலோ கொஞ்ச நேரம் நின்றால் போதும். கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்த டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் சான்ட்ரோ வெளிவந்த நாளிலிருந்து இந்தச் சாலைக்கு இது பழகிப்போன காட்சி. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்ததும் போக்குவரத்து இன்னும் கூடியது. காஞ்சிபுரம் வழியாக ஓடும் செங்கல்பட்டு – அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள வாலாஜாபாத்தில், புதுக் கார்களை முழு ரயிலாகவே ஏற்றி வடக்கே அனுப்புகிறார்கள்.

ஆலைக்கு இவ்வளவு வசதி இருக்கிறது. அதே மாவட்டத்தில் வீட்டு வாசலில் நிற்கும் ஒரே ஒரு பழைய காரைப் புனேவுக்கோ குர்கானுக்கோ அனுப்ப வேண்டிய குடும்பத்துக்கு வழிகாட்ட ஆளில்லை. மகனுக்கு வேலை மாற்றல் வருகிறது. இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தனியாக ஓட்டிப் போக அம்மா சம்மதிப்பதில்லை. அல்லது அப்பாவால் இனி ஓட்ட முடியாது, பெங்களூருவில் இருக்கும் மகளுக்குக் காரைக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகிறது. உடனே போனில் தேடுகிறார்கள். பத்து நிமிடத்தில் பத்து ஏஜென்ட்டுகள் அழைத்துவிடுகிறார்கள். இழப்புக்கான வாசல் திறப்பது பெரும்பாலும் அங்கேதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே 1945-ல் தொடங்கிய யூ-ஹால் போன்ற நிறுவனங்கள் டிரெய்லரைத் தனியாகவே வாடகைக்குத் தருகின்றன. வீட்டுச் சாமான் ஏற்றிய வாடகை லாரியின் பின்னால் அதை மாட்டி, அதன்மேல் காரை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள். அதற்குக் கடுமையான ஒழுங்கு இருக்கிறது. மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது. எடையில் சுமார் 60 விழுக்காடு டிரெய்லரின் முன்பாதியில் இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் பாம்பு போல ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். எஞ்சின் முன்னால் இருக்கும் காரை முகம் முன்னோக்கி ஏற்றச் சொல்வது இதனால்தான்.

அந்த முறை இங்கே வேரூன்றவில்லை. நம் சட்டப்படி டிரெய்லரும் தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனம். நம் கார்களில் பெரும்பாலும் டிரெய்லர் மாட்டும் கொக்கி கிடையாது. ஓரிடத்தில் எடுத்து வேறோர் ஊரில் விட்டுவிடும் வாடகை ஏற்பாடும் கிடையாது. கயிறு கட்டி இழுத்துப் போகலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அனுமதி பழுதாகி நின்ற வண்டியை அருகில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது போன்ற தேவைகளுக்கு மட்டுமே. 1989-ன் சாலை ஒழுங்கு விதிகளே இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தின. ஆட்டோமேட்டிக் கியர் கார்களையும் மின்சாரக் கார்களையும் சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டியும் மோட்டாரும் கெட்டுப்போகும். அவற்றை நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான ரெக்கவரி வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆக, தொலைதூரத்துக்கு நமக்கு இருக்கும் வழி டிரெய்லரில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுப்பது. 18.75 மீட்டர் வரை நீளும் அந்த வண்டி ராஜ வீதிகளுக்குள்ளோ சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களுக்குள்ளோ நுழைய முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில்தான் ஏற்றுவார்கள். வைகாசியில் வரதர் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம் என்று ஊர் நிரம்பும் நாள்களில் காரை ஊரைவிட்டு வெளியே எடுத்துவருவதே பெரும்பாடு. தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்றும்போது கூடவே நில்லுங்கள். டிரெய்லரின் பின்னால் இரண்டு இரும்புச் சாய்தளங்களை இறக்குகிறார்கள். ஓட்டுபவர் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டியபடி முதல் கியரில் மெதுவாக ஏற்றுகிறார். கீழே நிற்கும் உதவியாளர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "வா... வா... லேசா லெஃப்ட் ஒடி" என்கிறார். தாழ்வான செடான் என்றால் முன் பம்பர் உரசும் இடம் இந்தச் சாய்தளத்தின் அடிவாரம்தான். பழகியவர்கள் அங்கே ஒரு மரப்பலகை போடுவார்கள். ஏறி நின்றதும் ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பிறகு பெல்ட்டை டயரின் மேலாகச் சுற்றி ராட்செட்டால் இறுக்குகிறார்கள். பெல்ட் டயரைப் பிடிக்க வேண்டும். பாடியில் கட்டினால், குழியில் சஸ்பென்ஷன் ஒருமுறை அமுங்கி எழும்போது பெல்ட் தளர்ந்துவிடும். ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் கார் நகர ஆரம்பிக்கும். பெல்ட் டயரைப் பிடித்திருந்தால் மேலே பாடி எவ்வளவு ஆடினாலும் சக்கரம் அசையாது. தெரிந்த டிரைவர் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரங்கட்டி எல்லா பெல்ட்டையும் மறுபடி இறுக்குவார். அப்படிச் செய்வாரா என்று கேட்டுவிடுங்கள். தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக எரிபொருள் போதும். உள்ளே துணிமூட்டை, பாத்திரம், டிவி எதையும் வைக்காதீர்கள். அசல் ஆர்.சி.யைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். கிலோமீட்டர் காட்டும் மீட்டரைத் தேதியோடு படம் எடுங்கள்; டிரெய்லரில் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்த்திருந்தால், அதைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு படம்தான் சாட்சி. கண்ணாடியில் உள்ள ஃபாஸ்டேக் மேல் அலுமினியத் தாளை ஒட்டி மூடுங்கள். டிரெய்லர் மேல் போகும் காரின் ஃபாஸ்டேக்கையும் சுங்கச்சாவடிக் கருவி படித்துப் பணம் எடுத்துவிட வாய்ப்பு உண்டு.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். பட்டு வியாபாரம் செய்யும் ஊர் இது. கர்நாடகத்திலிருந்து கச்சாப் பட்டும் சூரத்திலிருந்து ஜரிகையும் வந்து இறங்கும் ஊர். பார்சல் ஆபீஸில் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் மதிப்பு எழுதாமல் ஒரு சேலைக் கட்டைக்கூட அனுபவப்பட்ட வியாபாரி அனுப்ப மாட்டார். அதே வீட்டில், எட்டு லட்ச ரூபாய்க் காரின் சாவியை ஒரு வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் இயற்றப்பட்டு, 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இருந்தது 1865-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம். புதுச் சட்டப்படி, வண்டி வைத்திருப்பவர் மட்டுமல்ல, புக்கிங் எடுக்கும் ஏஜென்ட்டும் புரோக்கரும்கூடச் சரக்கு ஏற்றுநர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். அவர்கள் பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டும். "நாங்க ஏஜென்ட்தான் சார், வண்டிக்காரரைக் கேளுங்க" என்று கை கழுவுவது இனி எளிதல்ல. சரக்கு சேதமானால், அவர்களுடைய அலட்சியத்தை நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையதல்ல.

ஆனால் அதே சட்டத்தில் நமக்குப் பாதகமான ஓர் இடமும் இருக்கிறது. அனுப்புபவர் மதிப்பை அறிவித்து, கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தைச் செலுத்தவில்லை என்றால், ஏற்றுநரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார் முழுவதுமாக நொறுங்கினாலும் 1,50,000 ரூபாய்க்கு மேல் கேட்பது கடினம். மீதி ஆறரை லட்சம் நம் தலையில். ஒரு வரி எழுதி, சற்றுக் கூடுதல் பணம் கட்டியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் அது. லாரி ரசீதில் காரின் எண், மதிப்பு, ஏற்கெனவே உள்ள கீறல்கள், போய்ச் சேர வேண்டிய நாள் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு) என்று அச்சடித்திருந்தால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். எழுத மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வாடகை குறைவு என்பதற்காக இதில் விட்டுக்கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கார் இன்சூரன்ஸ் இதில் இரண்டாவது அரண். முழுக் காப்பீடு எடுத்திருந்தால், கார் சாலையிலோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். பாலிசி வாசகத்திலேயே அது இருக்கிறது. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு இது கிடையாது. முழுக் காப்பீடு உள்ளவர்களும் யோசிக்க வேண்டும்: யாரோ பெல்ட்டைச் சரியாகக் கட்டாததற்கு நம் பாலிசியில் கிளெய்ம் எடுத்தால், நோ கிளெய்ம் போனஸ் போவது நமக்குத்தான். "டிரான்சிட் இன்சூரன்ஸ் இருக்கு" என்று ஏஜென்ட் சொன்னால், உங்கள் கார் எண் போட்ட சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

போய்ச் சேரும் மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் காரை வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அனுப்புவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ரயில் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொங்கன் ரயில்வே 1999 முதல் லாரிகளை ரயிலில் ஏற்றிச் செல்கிறது. 2025 ஆகஸ்டில், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி, தனியார் கார்களுக்கும் மகாராஷ்டிரத்தின் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணா வரை அதே சேவையைத் தொடங்கியது. அப்போது ஒரு ரயிலில் 40 காருக்கு இடம் இருந்தது; ஒரு காருக்குக் கட்டணம் 7,875 ரூபாயாக இருந்தது. வாலாஜாபாத்தில் கார் ஏற்றும் வசதி இருக்கிறது. ஆள்களுக்கும் பழக்கம் இருக்கிறது. தெற்கு ரயில்வே மாதம் ஒருமுறையாவது பொதுமக்கள் கார்களுக்கும் சில பெட்டிகளை ஒதுக்கிப் பார்க்கலாம். கட்டணமும் ரசீதும் ஒரே இடத்தில், அரசுப் பொறுப்பில் கிடைத்தால், இவ்வளவு எச்சரிக்கையை எழுத வேண்டிய தேவையே பாதி குறையும். இந்தக் கோரிக்கையைக் காஞ்சிபுரத்து மக்கள் பிரதிநிதிகள் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை எல்.ஆர்.தான் நம் துணை. கார் வந்து இறங்கும்போது வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். சேதம் இருந்தால் டெலிவரி தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏற்றுநருக்கு எழுத்துமூல நோட்டீஸ் அனுப்பப் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டால் வழக்குக்கு இடமில்லை. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.