தலைக்காயத் தலைவலிக்கான காந்தத் தூண்டல்

மண்டையோட்டின் ஊடான காந்தத் தூண்டல் என்பது அறுவை சிகிச்சையின்றி, தலைக்கு வெளியிலிருந்தே மூளை நரம்பணுக்களைத் தூண்டும் முறை ஆகும். இலேசான தலைக்காயத்தின் பின் நீடிக்கும் தலைவலிக்கு இது பயன்படுமா என ஆராயப்பட்டு வருகிறது.

காயம் பட்ட 7 நாட்களுக்குள் தொடங்கி 3 மாதங்களுக்கு மேல் தொடரும் தலைவலி நீடித்த தலைவலியாகக் கொள்ளப்படுகிறது. இத்தகையோருள் பலருக்கு சி.டி. படத்தில் குறை ஏதும் தென்படுவதில்லை. ஆனால் அது வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. வலிநீக்கி மருந்துகளை அடிக்கடி உட்கொள்வதே தலைவலியை வளர்க்கக்கூடும் என்பதால் மருந்தில்லா முறைகள் தேடப்படுகின்றன.

செயற்படும் விதம்

தலையின் மேல் வைக்கப்படும் கம்பிச்சுருளில் மின் துடிப்பு பாயும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்டையோட்டைக் கடந்து, பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதிப்படி மூளைப் புறணியில் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. 1985 இல் இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் குழுவினரும் இதனைச் செய்து காட்டினர். தலைக்காயத் தலைவலிக்கான ஆய்வுகளில் இயக்கப் புறணியும் இடது முன்நெற்றிப் புறணியும் தூண்டப்பட்டுள்ளன.

பயனும் வரம்பும்

சில ஆய்வுகளில், போலித் தூண்டல் பெற்றவர்களைவிட மெய்த் தூண்டல் பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. எனினும் அவற்றில் பங்கேற்றோர் மிகச் சிலரே. எனவே இது இன்னும் நிலைபெற்ற சிகிச்சை அன்று. அரிதாக வலிப்பு ஏற்படலாம். தலைக்குள் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமோ செவி உள்வைப்புக் கருவியோ உள்ளோருக்கு இம்முறை ஏற்றதல்ல.